‘சிங்கிங் இன் தி ரெயின்’ (1952): யார் வாய், யார் குரல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலிலேயே ஒரு எச்சரிக்கை: கீழே உள்ள பதில்களில் படத்தின் முடிவும் வருகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

இது மழையில் ஆடிப்பாடும் படம்தானே? சினிமாத் தொழிலைப் பற்றிய நையாண்டி என்று ஏன் சொல்கிறார்கள்?

விளக்குக் கம்பத்தில் தொற்றிக்கொண்டு ஜீன் கெல்லி பாடும் துண்டை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரும். முழுப் படம் 103 நிமிடம். கதையாக ஓடுவது, ஊமைப்படம் பேசும்படமாக மாறிய 1927இல் ஒரு ஹாலிவுட் ஸ்டுடியோ பட்ட பாடு. நட்சத்திரத்துக்கு விளம்பரப் பிரிவு எழுதிக்கொடுத்த வாழ்க்கை வரலாறு, பத்திரிகைக்காகக் கிளப்பிவிட்ட காதல் கிசுகிசு, பக்கத்துக் கம்பெனி ஜெயித்ததும் அவசர அவசரமாக அதே மாதிரி எடுக்கக் கிளம்பும் முதலாளி, ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டும் நாயகி என்று தொழிலின் உள்ளறை முழுவதும் இதில் இருக்கிறது.

நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால் ஒரே ஊற்றுதான்: கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் ஒட்டாமல் போவது. படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அது வந்துவிடுகிறது. சைனீஸ் தியேட்டர் வாசலில் மைக் முன் நின்று நாயகன் டான், தான் கௌரவமாக வளர்ந்த கதையைச் சொல்கிறான். திரையில் ஓடுவதோ பில்லியர்ட்ஸ் விடுதியும், மட்டமான மேடை ஆட்டமும், சண்டைக் காட்சிகளில் டூப் போட்டு உதைபட்டதும். பிறகு ஊமைப்படப் படப்பிடிப்பில் டானும் லினாவும் காதல் பார்வையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு வாயால் ஒருவரை ஒருவர் திட்டுகிறார்கள். ஊமைப்படம் என்பதால் காமிராவுக்குக் கேட்காது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கடைசித் திரை விலகும் வரை படம் ஒரே கயிற்றில் நடப்பது தெரியும்.

கதைச் சுருக்கம்?

மானுமென்டல் பிக்சர்ஸ் என்ற கற்பனை ஸ்டுடியோ. அதன் ராசியான ஜோடி டான் லாக்வுட் (ஜீன் கெல்லி), லினா லாமான்ட் (ஜீன் ஹேகன்). லினா அழகி, ஆனால் குரல் கீச்சுக் குரல். ஊமைப்படத்தில் அது யாருக்கும் தெரியாது. மேடையில்கூட அவளைப் பேசவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 1927 அக்டோபரில் வார்னர் பிரதர்ஸின் ‘தி ஜாஸ் சிங்கர்’ என்ற பேசும்படம் வெளியாகி ஊரே அதைப் பற்றிப் பேச, முதலாளி ஆர்.எஃப். சிம்ப்சன் பாதி எடுத்த படத்தைப் பேசும்படமாக மாற்றச் சொல்கிறார். வெளியீட்டுக்கு முன் போட்டுக்காட்டும் பிரிவியூவில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். டானின் நண்பன் காஸ்மோ (டொனால்ட் ஓ'கானர்) வழி சொல்கிறான்: படத்தைப் பாட்டுப் படமாக்கி, லினாவுக்குப் பதில் கேத்தி செல்டன் (டெபி ரெனால்ட்ஸ்) பேசிப் பாடட்டும். விஷயம் தெரிந்த லினா, கேத்தி காலத்துக்கும் தனக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பெயரும் வரக்கூடாது என்று முதலாளியை மடக்குகிறாள். முதல் காட்சியன்று ரசிகர்கள் லினாவை நேரில் பாடச் சொல்ல, திரைக்குப் பின்னால் கேத்தி பாடுகிறாள். டான், காஸ்மோ, முதலாளி மூவரும் சேர்ந்து திரையை இழுத்துவிடுகிறார்கள்.

எழுதியவர்கள் யார்? இவ்வளவு உள்விவரம் எப்படிக் கிடைத்தது?

திரைக்கதை பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன். இயக்கம் ஜீன் கெல்லி, ஸ்டான்லி டோனன் இருவரும் சேர்ந்து. இந்தப் படத்தை எடுத்த எம்ஜிஎம் ஸ்டுடியோவின் தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட் முன்பு பாடலாசிரியர். அவரும் இசையமைப்பாளர் நேசியோ ஹெர்ப் பிரவுனும் 1920களின் கடைசியிலும் 30களிலும் போட்ட பாட்டுகளை வைத்து ஒரு படம் வேண்டும் என்பதே எழுத்தாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. கதை கிடையாது, பாட்டுக் கட்டு மட்டும் இருந்தது. தலைப்புப் பாட்டே 1929இல் வந்த ‘தி ஹாலிவுட் ரெவ்யூ ஆஃப் 1929’ படத்தினுடையது. பாட்டுகள் பிறந்த காலம் எதுவோ அதுவே கதையின் காலமாக இருக்கட்டும் என்று அவர்கள் முடிவு செய்தபோதுதான் பூட்டு திறந்தது. அந்தக் காலம், சினிமாவுக்கு வாய் வந்த காலம்.

அப்போது எம்ஜிஎம் வளாகத்தில் அந்த மாற்றத்தை நேரில் கண்டவர்கள் பலர் இன்னும் வேலையில் இருந்தார்கள். 1951இல் படப்பிடிப்பு நடந்தபோது பேசும்படத்துக்கு வயது 25கூட ஆகவில்லை. ஒலித் துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர் அந்தத் துறையைத் தொடக்கத்திலிருந்து கட்டியவர். ஆடை வடிவமைத்த வால்டர் பிளங்கெட் 1920களிலிருந்தே தொழிலில் இருந்தவர். ஆகவே மைக், கண்ணாடிக் கூண்டு, மணி கோத்த உடுப்பு எதுவும் இஷ்டத்துக்கு வரைந்தது இல்லை.

மைக்கைச் செடியில் ஒளித்து வைக்கும் காட்சி உண்மையில் நடக்கக்கூடியதா?

நடந்தது. படத்திலேயே மிகத் துல்லியமான காட்சி அதுதான். மூன்று முயற்சிகள் வருகின்றன. மூன்றும் மூன்று வேறு கோளாறுகள்.

முதல் முயற்சியில் மைக் நாயகிக்கு எதிரே உள்ள செடிக்குள் இருக்கிறது. லினா பழக்க தோஷத்தில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பேசுகிறாள். ஒரு வார்த்தை கேட்கிறது, அடுத்த வார்த்தை காணாமல் போகிறது. காரணம் எளிது. வாய்க்கும் மைக்குக்கும் இடையே தூரம் இரண்டு மடங்கானால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் இறங்கும். கூடவே, தலை பக்கவாட்டில் திரும்பினால் ச, த, ப போன்ற மெய்யொலிகளின் கூர்மை முதலில் போய்விடும். வெறும் முனகல்தான் பதிவாகும். அன்றைக்கு மைக்கை நடிகரின் தலைக்கு மேல் நகர்த்திக்கொண்டே போகும் பூம் கம்பம் வழக்கத்துக்கு வரவில்லை. பூச்சாடி, தொலைபேசி, மேசை விளக்கு என்று எதற்குள்ளாவது ஒளித்துவைத்து, நடிகரை அங்கே போய் நின்று பேசச் சொல்வார்கள். அந்தக் காலப் பேசும்படங்களில் எல்லோரும் ஒரு பூச்சாடியைச் சுற்றியே நின்று பேசுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது முயற்சியில் மைக்கை மார்புப் பக்கம் உடுப்பில் தைத்துவிடுகிறார்கள். இப்போது இதயத் துடிப்பு முரசு மாதிரிக் கேட்கிறது. உடம்போடு ஒட்டிய மைக்குக்குத் தாழ்ந்த அதிர்வுகள் காற்று வழியாக இல்லாமல் நேராகவே வந்து சேரும். படத்தில் அதைக் கொஞ்சம் பெரிதுபடுத்தியிருக்கிறார்கள் என்றாலும் தத்துவம் சரிதான்.

மூன்றாவது, தோளில் மைக். கம்பியை உடுப்புக்குள் விட்டுத் தரையில் ஓடவிடுகிறார்கள். முதலாளி உள்ளே வந்து, இதென்ன கம்பி, ஆபத்தாயிற்றே என்று பிடித்து இழுக்க, லினா குட்டிக்கரணம் அடிக்கிறாள்.

அந்தக் காட்சியில் காமிரா எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு பெட்டிக்குள். காமிரா மோட்டார் சத்தம் மைக்கில் ஏறிவிடும் என்பதால் காமிராவையும் ஆபரேட்டரையும் சேர்த்து அறைக்குள் அடைத்தார்கள். உள்ளே காற்றோட்டம் கிடையாது, வெக்கை தாங்காது. பெட்டி நகராது என்பதால் ஊமைப்படக் காலத்தில் ஓடியாடிய காமிரா சில காலம் நட்டு வைத்த கம்பமாயிற்று. இரைச்சல் போடும் ஆர்க் விளக்குகளுக்குப் பதில் இழை விளக்குகளுக்கு மாறினார்கள்.

இந்தியாவிலும் இதே தலைவலிதான். 1931இல் இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வை எடுத்த பம்பாய் இம்பீரியல் ஸ்டுடியோவின் பக்கத்தில் ரயில் பாதை. ரயில்கள் ஓடாத நடுச்சாமத்தில்தான் பெரும்பாலான காட்சிகளை எடுத்தார்கள். மைக்கை நடிகர்களுக்கு அருகே ஒளித்து வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ அந்த இம்பீரியல் கம்பெனியின் தயாரிப்புதான்.

இன்று குறும்படம் எடுப்பவர்களுக்கு அந்தக் காட்சியிலிருந்து ஏதாவது கற்க இருக்கிறதா?

நிறைய. சட்டையில் குத்தும் மைக் வைத்திருந்தால் மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், நடுவில், நெஞ்செலும்புக்கு நேராகக் குத்துங்கள். ஒரு பக்கக் காலரில் குத்தினால் மறுபக்கம் தலை திரும்பும்போது லினா கதைதான். சங்கிலி, தாலிக்கொடி, மணிமாலை எதுவும் மைக்கின் மேல் படக்கூடாது. கஞ்சி போட்ட பருத்தியும் பட்டும் உரசினால் சரசரக்கும். அந்த இடத்தில் துணியின் உள்பக்கம் மருத்துவ டேப் ஒட்டி மைக்கை அசையாமல் நிறுத்துங்கள். கம்பியில் ஒரு சிறு வளையம் விட்டு ஒட்டினால் யாராவது இழுத்தாலும் அதிர்ச்சி மைக்குக்குப் போகாது. தாழ்ந்த அதிர்வு ஏறினால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பேச்சுக்குப் பெரிதாக எதுவும் குறையாது. டேக் போவதற்கு முன் நடிகரை அந்தக் காட்சியின் அசைவுகளோடு ஒருமுறை முழுசாகப் பேசவைத்து, ஹெட்போனில் கேளுங்கள். உட்கார்ந்து பேசவைத்துச் சோதித்துவிட்டு, டேக்கில் ஓடவிட்டால் சோதித்ததற்குப் பயனில்லை.

பிரிவியூவில் ஆண் குரல் பெண்ணுக்கும் பெண் குரல் ஆணுக்கும் மாறிப்போகிறதே, அது எப்படி?

கதை நடக்கும் காலத்தில் பரவலாக இருந்த முறை வைட்டபோன். பிலிமில் படம் மட்டும்தான். ஒலி, தனியாக 16 அங்குல இசைத்தட்டில். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடும். புரொஜெக்டரும் தட்டும் ஒரே இயந்திர இணைப்பில் சுழலும். 1,000 அடி ரீல், விநாடிக்கு 24 பிரேம் வேகத்தில் சுமார் 11 நிமிடம். ஒரு ரீலுக்கு ஒரு தட்டு. ஆபரேட்டர் பிலிமில் உள்ள தொடக்கக் குறியையும் தட்டில் உள்ள அம்புக்குறியையும் சரியாகப் பொருத்தி ஓட்ட வேண்டும்.

கோளாறு வரும் வழிகள் பல. முள் ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்தால் ஒலி ஒரு முழுச் சுற்று தள்ளிப்போகும். ஒரு சுற்று 1.8 விநாடி; திரையில் 43 பிரேம். வசனம் மாறி மாறிச் சட்டென்று வரும் காட்சியில் அந்த 1.8 விநாடியே ஒருவர் வாயில் மற்றவர் வசனத்தை ஏற்றிவிடப் போதும். படத்தில் நடப்பது அச்சாக அதுதான்: லினா ‘இல்லை’ என்று தலையாட்டும்போது வில்லனின் தடித்த குரல் ‘ஆமாம்’ என்கிறது, அவன் ‘ஆமாம்’ என்று தலையசைக்கும்போது அவள் குரல் ‘இல்லை’ என்கிறது.

இன்னொரு வழி, பிலிம் அறுந்துபோவது. கிழிந்த பகுதியை வெட்டி ஒட்டினால் படம் குறையும், தட்டோ குறையாது. 12 பிரேம் போனாலே அரை விநாடி தள்ளிவிடும். அதனால் எத்தனை பிரேம் போயிற்றோ அத்தனை கறுப்பு பிரேமை இடையில் ஒட்டச் சொல்வார்கள். அவசரத்தில் ஒட்டாமல் விடுவதே வழக்கமான தவறு. தட்டும் தேயும். சுமார் 20 முறை ஓட்டியதும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அடித்துக் குறிக்க லேபிளில் கட்டங்களே அச்சிட்டிருந்தார்கள். இந்தத் தொல்லைகளால்தான் சில ஆண்டுகளில் பிலிமின் ஓரத்திலேயே ஒலியைப் பதியும் முறை தட்டை ஓரங்கட்டியது.

அந்தக் காட்சியில் இன்னொன்றையும் கவனியுங்கள். லினா கழுத்து முத்துமாலையை விரலால் நெருடும் சத்தம் கல்லைக் கொட்டுவது போலக் கேட்கும். பல தடங்களைத் தனித்தனியாகப் பதிந்து ஏற்றி இறக்கிக் கலக்கும் வசதி இல்லாத காலம். மைக்குக்குப் பக்கத்தில் இருப்பது எதுவோ அதுவே ராஜா.

லினா மாதிரி குரலால் வீழ்ந்த நட்சத்திரங்கள் உண்மையில் இருந்தார்களா?

இருந்தார்கள், ஆனால் காரணம் எப்போதும் குரல் மட்டும் இல்லை. டான் காதல் வசனமாக ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாகும் இடம், ஊமைப்பட நாயகன் ஜான் கில்பர்ட் 1929இல் ‘ஹிஸ் க்ளோரியஸ் நைட்’ படத்தில் பட்ட அடியை நினைவூட்டுவது. அவர் குரல் கீச்சென்று இருந்ததாகக் கதை பரவிவிட்டது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது; ஊமைப்படத்தின் எழுத்து அட்டையில் படித்து ரசித்த உருக்கமான காதல் மொழியை வாய்விட்டுச் சொன்னபோது அது தாங்கவில்லை. ஊமைப்பட நாயகி நார்மா டால்மட்ஜ் 1930இல் பிரெஞ்சு அரசவைக் கதை ஒன்றில் பேசி நடித்து, அது எடுபடாமல் திரையை விட்டே விலகினார். லினாவின் ‘டூயலிங் கேவலியர்’ படத்திலும் பிரெஞ்சு அரசவை உடுப்புதான்.

லினாவின் விஷயத்தில் படம் கொஞ்சம் கொடுமையாகத்தான் நடந்துகொள்கிறது. ஸ்டுடியோ அவளை வைத்துப் பணம் பண்ணியது, வாயைத் திறக்காதே என்று அடக்கியது, கடைசியில் ஆயிரம் பேர் முன்னால் அம்பலப்படுத்தியது. ஒப்பந்தத்தை எழுத்தெழுத்தாகப் படித்தவள் அந்த வளாகத்திலேயே அவள் ஒருத்திதான். ஜீன் ஹேகன் அந்தப் பாத்திரத்தை வெறும் முட்டாளாக விடாமல், தன் இடம் பறிபோகிறதே என்ற பயத்தைக் கண்ணில் வைத்து நடித்திருக்கிறார். ஆஸ்கர் பரிந்துரை அவருக்குத்தான் கிடைத்தது, நியாயமாக.

மழையில் பால் கலந்தார்கள் என்பது உண்மையா?

இல்லை. தண்ணீர்தான். மழை காமிராவில் தெரிய வேண்டுமானால் விளக்கு மழைக்குப் பின்னால், காமிராவைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஒவ்வொரு துளியும் ஒளியை வளைத்து மின்னும். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் மழை கண்ணாடி மாதிரி மறைந்துவிடும். நனைந்த ஆள் மட்டும் தெரிவார். கடை ஜன்னல் விளக்கும் தெருவிளக்கும் அந்தக் காட்சியில் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தால் ஒளிப்பதிவாளர் ஹரால்ட் ராசன் பட்ட சிரமம் புரியும்.

எடுத்தது இரவில் இல்லை. எம்ஜிஎம்மின் திறந்தவெளித் தெரு செட்டைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடிப் பகலை இரவாக்கினார்கள். கெல்லி எந்த அடியில் எங்கே குதிப்பாரோ அந்தந்த இடத்தில் நடைபாதையைக் குழித்துத் தண்ணீர் தேங்கவிட்டார்கள். கம்பளி சூட் நனைந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கெல்லிக்கு அப்போது 103 டிகிரி காய்ச்சல். காலடிச் சத்தம் எதுவும் அங்கே பதிந்ததில்லை. மழைக் குழாய் இரைச்சலில் பதிய முடியாது. ஆட்டத்தைப் படமாக்கிவிட்டுப் பிறகு ஸ்டுடியோவில் தாளத் தட்டலையும் தண்ணீர் அளைவதையும் தனியாகச் சேர்த்தார்கள். இந்தப் படத்தில் இங்கேயும் கண் பார்ப்பது ஒன்று, காது கேட்பது வேறிடத்தில் பிறந்தது.

டெபி ரெனால்ட்ஸுக்கு நடனம் தெரியுமா?

தெரியாது. வயது 19. ஜிம்னாஸ்டிக்ஸ் பழக்கம்தான் இருந்தது. காலை வணக்கம் சொல்லும் பாட்டில் மூவரும் சோபாவைக் கவிழ்த்துப்போட்டு ஓடும் ஆட்டத்தை ஒரே நாளில் காலை முதல் இரவு வரை எடுத்தார்கள். முடிவில் அவர் காலில் ரத்தம். சுவரில் ஏறி அந்தர் பல்டி அடிக்கும் காஸ்மோவின் ஆட்டத்துக்குப் பிறகு ஓ'கானர் சில நாள் படுக்கையில் கிடந்தார். பிறகு பிலிம் கெட்டுப்போனதென்று அதைத் திரும்பவும் ஆடவைத்தார்கள்.

படத்தில் காட்டுவதுபோல் 1927இல் டப்பிங் செய்ய முடிந்திருக்குமா?

அவ்வளவு சுலபமாக முடியாது. இது படம் எடுத்துக்கொண்ட சுதந்திரம். தட்டில் பதிந்த ஒலியை மறுபடி இன்னொரு தட்டுக்கு மாற்றினாலே தரம் இறங்கும். மெழுகுத் தட்டில் பதிவானதைப் போட்டுக் கேட்டால் அது தேய்ந்துவிடும் என்பதால், கேட்பதற்கென்றே இரண்டாவதாக ஒரு மெழுகுத் தட்டை வெட்டினார்கள். 1929இல் இங்கிலாந்தில் இயக்குநர் ஹிட்ச்காக் ‘பிளாக்மெயில்’ எடுத்தபோது நாயகி ஆனி ஒன்ட்ராவின் செக் உச்சரிப்பு சரிவரவில்லை. டப்பிங்குக்கு வழியில்லாததால் ஜோன் பாரி காமிராவுக்கு வெளியே நின்று பேச, ஒன்ட்ரா வாயை மட்டும் அசைத்தார். ஆக, திரைக்குப் பின்னால் ஒருத்தி பேசுவதும் முன்னால் ஒருத்தி வாயசைப்பதும் மேடை முடிவுக்காகக் கற்பனையாகச் செய்தது மட்டும் இல்லை. படப்பிடிப்பிலேயே நடந்த ஒன்று.

பாட்டை முன்கூட்டியே பதிந்து, செட்டில் ஓடவிட்டு வாயசைக்கும் முறை எம்ஜிஎம்மில் 1929இன் ‘தி பிராட்வே மெலடி’ நேரத்தில் வந்தது. ஒரு பாட்டைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது, ஒலி நன்றாகவே இருந்தது. அதையே போட்டு ஆடவிடலாமே என்று டக்ளஸ் ஷியரர் சொன்னார். நம் ஊரில் 1938இல் ஏவி.எம். செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள்.

நடுவில் வரும் நீண்ட பிராட்வே ஆட்டம் கதைக்குத் தேவையா?

கதைக்குத் தேவையில்லை. சுமார் 13 நிமிடம், செலவு ஏறத்தாழ 6 லட்சம் டாலர். மொத்தப் படத்துக்கே சுமார் 25 லட்சம். நடனக்காரி சிட் சரீஸின் ஆட்டமும், விமான எஞ்சின் காற்றில் பறக்கவிட்ட அந்த நீள வெண்பட்டும் கண்ணுக்கு விருந்து. ஆனால் நையாண்டியின் சூடு அங்கே ஆறிவிடுகிறது. முதல் முறை பார்ப்பவர்கள் இடைவேளையை அதற்குப் பிறகு விட்டால், கடைசிப் பகுதியைப் புதிதாகப் பார்க்கலாம்.

பழைய படத் துண்டுகள் ஏதாவது உள்ளே இருக்கின்றனவா?

தொடக்கத்தில் ஓடும் ‘தி ராயல் ராஸ்கல்’ ஊமைப்படத்தின் கத்திச் சண்டை, கெல்லி 1948இல் நடித்த ‘தி த்ரீ மஸ்கடியர்ஸ்’ படத்திலிருந்து எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கியது.

வீட்டில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

படத்தின் அகல உயர விகிதம் 1.37க்கு 1, கிட்டத்தட்டச் சதுரம். டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. திரை நிறையட்டும் என்று ஜூம் வைத்தால் மேலும் கீழும் வெட்டுப்படும். முதலில் போவது ஆடுபவரின் பாதம். பிறகு தாளம் கேட்கும், அடி தெரியாது. அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி கொஞ்சம் பிந்தி வந்தால், பிரிவியூ காட்சியின் கோளாறு எது, உங்கள் ஸ்பீக்கரின் கோளாறு எது என்று பிரிக்க முடியாமல் போகும். கம்பியில் இணைத்துக் கேட்பது நல்லது.

கேத்தியின் குரல் உண்மையில் யாருடையது? டெபி ரெனால்ட்ஸ் தானே பாடினாரா?

சில பாட்டுகளில் அவர் குரலே. எல்லாவற்றிலும் இல்லை. இந்தப் பக்கத்துக்கு அதிகம் வரும் கேள்வி இது, வர வேண்டிய கேள்வியும்கூட.

இரண்டு இடங்களைத் தனியாகக் கேளுங்கள். ஒன்று, கேத்தி மைக் முன் நின்று திரையைப் பார்த்து லினாவின் காதல் வசனத்தைப் பேசும் இடம். கதைப்படி கீச்சுக் குரல் லினாவுக்கு இனிய குரல் கேத்தி டப்பிங் பேசுகிறாள். நாம் கேட்கும் அந்த நிதானமான, செழுமையான குரல் ஜீன் ஹேகனுடையது. ஆமாம், லினாவாக நடித்தவருடைய இயல்பான குரல். டெக்சாஸில் பிறந்த ரெனால்ட்ஸின் இளம் குரலில் அரசவைத் தோரணை வரவில்லை, ஹேகனுக்கு வந்தது. ஆக, ஹேகனுக்கு டப்பிங் பேசும் ரெனால்ட்ஸுக்கு ஹேகனே டப்பிங் பேசியிருக்கிறார். சந்தேகம் இருந்தால் 1950இல் வந்த ‘தி அஸ்பால்ட் ஜங்கிள்’ படத்தில் ஹேகன் பேசுவதைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, ‘வுட் யூ’ என்ற மெல்லிய காதல் பாட்டு. காட்சியே அழகாகக் கோத்தது: முதலில் கேத்தி ஒலிப்பதிவில் பாடுகிறாள், அப்படியே கலைந்து, செட்டில் லினா அந்தத் தட்டுக்கு வாயசைக்கிறாள், மறுபடி கலைந்து, அது கறுப்பு வெள்ளைப் படமாகத் திரையில் ஓடுகிறது. பின்னணிப் பாட்டு தயாராகும் மூன்று படிகளையும் ஒரு பாட்டுக்குள் காட்டிவிடுகிறார்கள். அந்தப் பாட்டில் கேத்திக்காகப் பாடியவர் பெட்டி நோயஸ். முதல் படியில் கேத்தியின் வாய் அசையும்போதே குரல் இன்னொருவருடையது; அது எந்த பிரேமிலும் தெரியாது.

பெட்டி நோயஸின் பெயர் டைட்டிலில் இல்லை. பெயர் போடாமல் குரலை மட்டும் வாங்கிக்கொள்வது அநியாயம் என்பதுதான் இந்தப் படத்தின் கதை. திரையை இழுத்து அந்தப் பெண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் இடத்தில்தான் அரங்கமே கைதட்டுகிறது. அந்தப் படத்திலேயே ஒரு பாடகியின் பெயர் விடுபட்டிருப்பது மனதை உறுத்துகிறது. எவ்வளவு நேசித்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. 1941இல் டிஸ்னியின் ‘டம்போ’வில் தாய் யானை குட்டிக்குப் பாடும் தாலாட்டைப் பாடியவரும் அவர்தான். ஆஸ்கர் பரிந்துரைக்குப் போன அந்தப் பாட்டிலும் பெயர் வரவில்லை. அதை ஒருமுறை கேட்டுவிட்டு உடனே ‘வுட் யூ’வைக் கேளுங்கள். ஒரே குரல் என்று காது சொல்லிவிடும்.